37 வயதில் பிரேக்... 48 வயதில் ஆஸ்கர்... யார் இந்த அன்னா மன்யானி?

1956 மார்ச் 21. ஹாலிவுட்டில் ஆஸ்கர் விழா. சிறந்த நடிகைக்கான போட்டியில் கேத்தரின் ஹெப்பர்ன், சூசன் ஹேவர்ட், ஜெனிஃபர் ஜோன்ஸ், எலினார் பார்க்கர் என நான்கு பெரிய பெயர்கள். ஐந்தாவதாக ஒரு இத்தாலிய நடிகை. அவர் நடித்த முதல் ஹாலிவுட் படமே அதுதான்.

கவரைப் பிரித்து வாசித்தபோது வந்தது அந்த ஐந்தாவது பெயர். ஆனால், விருதை வாங்க மேடை ஏறியது வேறொருவர். படத்தில் அவருக்கு மகளாக நடித்த மரிசா பவான். ஜெயித்தவர் அந்த நேரத்தில் ரோம் நகரில் இருந்தார். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம்.

அந்த நடிகைதான் அன்னா மன்யானி. ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் ‘மக்னானி’ என்று படிக்கத் தோன்றும். இத்தாலியில் மன்யானி. சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வென்ற முதல் இத்தாலியர். சோபியா லோரன் இந்த லிஸ்ட்டில் அவருக்குப் பிறகுதான் வருகிறார்.

அன்று அவருக்கு வயது 48. கண்ணுக்குக் கீழே கருவளையம், சீப்பு படாத மாதிரி கலைந்த கூந்தல், எந்தக் காட்சியிலும் மறைக்கப்படாத முகச் சுருக்கங்கள். ‘ஹீரோயின் லுக்’ என்று சினிமா எதையெல்லாம் சொல்லிவந்ததோ, அதில் எதுவுமே இவரிடம் இல்லை. பிறகு எப்படி நடந்தது இது? இதற்காக அவர் கொடுத்த விலை என்ன?

அம்மாவின் பெயரே இனிஷியல்

1908 மார்ச் 7 அன்று ரோமில் பிறந்தார் அன்னா. அம்மா பெயர் மரினா மன்யானி. அப்பா யார் என்பது பதிவில் இல்லை. அதனால் அம்மாவின் குடும்பப் பெயர்தான் மகளுக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கத்தோலிக்க இத்தாலியில், இப்படிப் பிறந்த குழந்தையை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கொஞ்ச நாளில் அம்மா எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரத்துக்குப் போய்விட்டார். அங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். குழந்தை ரோமில் பாட்டியிடம் வளர்ந்தது. இதனாலேயே அன்னா எகிப்தில் பிறந்தவர் என்ற வதந்தி கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். தன்னை ரோம்காரி என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம். அவர் பேசிய இத்தாலியனும் ரோம் தெருவில் பேசப்படும் இத்தாலியன்தான்.

இளம் வயதில் ரோமில் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் பெரிய வேஷம் எதுவும் வாசலில் வந்து நிற்கவில்லை. நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். இரவு விடுதிகளில் பாடினார். ‘ரெவ்யூ’ எனப்படும், பாட்டும் காமெடியும் அரசியல் நக்கலும் கலந்த மேடை நிகழ்ச்சிகள் அப்போது இத்தாலியில் ரொம்பப் பிரபலம். அதில் இத்தாலியின் மாபெரும் காமெடியன் டோட்டோவுடன் ஜோடி சேர்ந்து கலக்கினார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கவில்லை என்றால் அடுத்த நொடியே டிராக்கை மாற்ற வேண்டும். கூட்டத்தில் ஒருவர் கிண்டலடித்தால் அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் கேமரா முன்னால் அவரிடம் தெரிந்த வேகத்துக்கு ரிகர்சல் நடந்தது இந்த மேடைகளில்தான்.

சினிமாவுக்கு ஏற்ற முகம் இல்லையா?

1934-ல் ‘சோரென்டோவின் பார்வையற்ற பெண்’ என்ற படத்தில் சினிமாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு, பிரபல டைரக்டர் கொஃப்ரெடோ அலெசாண்ட்ரினியைத் திருமணம் செய்துகொண்டார். கணவரே டைரக்டர் என்றால் ஹீரோயின் சான்ஸ் நிச்சயம் என்று நினைப்போம். நடக்கவில்லை. 1936-ல் கணவர் இயக்கிய ‘கவலேரியா’ படத்தில் அன்னாவுக்குக் கிடைத்தது ஒரு பாடகியாகச் சின்ன வேஷம்.

காரணம், அப்போதைய இத்தாலிய சினிமாவின் டேஸ்ட். அது முசோலினியின் ஆட்சிக் காலம். பணக்கார வீடுகள், பளபள மாடிப்படிகள், வெள்ளை நிறத் தொலைபேசி, பட்டு உடையில் அழகிகள் என்று ஒரு வகைப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு ‘வெள்ளைத் தொலைபேசிப் படங்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. அந்த மாடிப்படியில் அன்னா மன்யானி இறங்கி வந்தால் செட்டுக்கு ஒட்டாது என்பதுதான் இண்டஸ்ட்ரியின் கணக்கு.

ஆக, தோழி, பாடகி, வாயாடி, இரண்டு சீனுக்கு வந்துபோகும் வேலைக்காரி. இப்படியே போனது ஏழெட்டு வருஷம். 1941-ல் விட்டோரியோ டி சிகா இயக்கிய ‘தெரேசா வெனெர்தி’ படத்தில் மட்டும் ஒரு மேடைப் பாடகியாக நல்ல காமெடி வேஷம் அமைந்தது. அப்போது அவருக்கு 33 வயது.

போரும் போலியோவும்

அடுத்ததாக ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. லுகினோ விஸ்கோன்டியின் முதல் படமான ‘ஒசெசியோனே’வில் கதாநாயகி. பின்னாளில் இத்தாலிய சினிமாவின் திருப்புமுனை என்று பேசப்பட்ட படம் அது. ஆனால், அந்த நேரத்தில் அன்னா கர்ப்பமாக இருந்தார். வேஷம் கிளாரா கலமாய்க்குப் போனது.

1942 அக்டோபரில் மகன் லூக்கா பிறந்தான். அப்பா, நடிகர் மசிமோ செராடோ. அந்த உறவு நிலைக்கவில்லை. கணவர் அலெசாண்ட்ரினியுடனான வாழ்க்கையும் ஏற்கெனவே முறிந்திருந்தது. அம்மாவின் பெயரோடு வளர்ந்த அன்னா, தன் மகனுக்கும் மன்யானி என்ற தன் பெயரையே கொடுத்தார். இன்றைய வார்த்தையில் சொன்னால், சிங்கிள் மதர்.

லூக்காவுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது இருக்கும்போது போலியோ தாக்கியது. கால்கள் செயலிழந்தன. அப்போது ரோம் நகரமே ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது. போலியோவுக்குத் தடுப்பூசி வர இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அன்றிலிருந்து அன்னாவின் சம்பாத்தியத்துக்கு ஒரே இலக்கு: மகனின் சிகிச்சையும் எதிர்காலமும். அதற்குப் பிறகு அவர் நடித்த அம்மா வேஷங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருந்தால் நல்லது.

உலகம் பார்த்த அந்த ஓட்டம்

1944 ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தன. சில மாதங்களிலேயே, 1945 தொடக்கத்தில், ரோபர்ட்டோ ரோசெல்லினி என்ற டைரக்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். வேறு வழியும் இல்லை. புகழ்பெற்ற சினிசித்தா ஸ்டுடியோ அப்போது அகதிகள் முகாமாகியிருந்தது. ஃபிலிம் ரோலுக்குத் தட்டுப்பாடு. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கையில் காசும் இல்லை.

அந்தப் படம்தான் ‘ரோம், ஓபன் சிட்டி’. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த சாதாரண மக்களின் கதை. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் ஃபெடரிகோ ஃபெலினி என்ற இளைஞர். ஆம், பின்னாளில் உலகம் கொண்டாடிய அதே ஃபெலினிதான்.

இதில் அன்னாவின் பாத்திரம் பினா. கணவனை இழந்தவள், சின்னப் பையனுக்கு அம்மா, மறுபடியும் கர்ப்பிணி. ஃபிரான்செஸ்கோ என்ற அச்சகத் தொழிலாளியுடன் கல்யாணம் நடக்கவேண்டிய நாளில், ஜெர்மன் படை குடியிருப்பைச் சுற்றி வளைக்கிறது. ஃபிரான்செஸ்கோவை லாரியில் ஏற்றுகிறார்கள். பினா, தடுக்கும் சிப்பாய்களைத் தள்ளிவிட்டு, அவன் பெயரைக் கத்தியபடி லாரிக்குப் பின்னால் ஓடுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. நடுத்தெருவில் விழுகிறாள். மகன் ஓடிவந்து அவள் மேல் விழுந்து அழுகிறான்.

அவ்வளவுதான். சில நொடிகளில் முடிந்துவிடும் காட்சி. பின்னணியில் இழுத்துப் பாடும் சோகப் பாட்டு கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது, கடைசி வசனமும் கிடையாது. படமோ இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. கதாநாயகி என்று நாம் நம்பிக்கொண்டிருந்தவர் இடைவேளைக்கே இல்லை. போரில் சாவு இப்படித்தான் வரும் என்று தியேட்டரில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் அதை நேரில் பார்த்தவர்கள்.

இது கற்பனையும் இல்லை. 1944 மார்ச் 3 அன்று, ரோமின் ஜூலியோ செசாரே சாலையில், பிடித்து வைக்கப்பட்டிருந்த கணவரை நெருங்க முயன்ற தெரேசா குலாச்சே என்ற கர்ப்பிணிப் பெண் ஜெர்மன் சிப்பாயால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு ஏற்கெனவே ஐந்து குழந்தைகள். பினா உருவானது அந்தச் சம்பவத்திலிருந்துதான். படம் எடுத்தபோது அது நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

1945 செப்டம்பரில் படம் வெளியானது. அடுத்த ஆண்டு கான் விழாவில் முதன்மைப் பரிசு பெற்ற படங்களில் ஒன்றானது. 1952-ல் இந்தியா நடத்திய முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் இது திரையிடப்பட்டது. அந்த விழா பம்பாயில் தொடங்கி மெட்ராஸுக்கும் வந்தது.

படம் வெளியானபோது அன்னாவுக்கு 37 வயது. இந்த முகம் சினிமாவுக்கு ஆகாது என்று எதைச் சொன்னார்களோ, அந்த முகம்தான் போரில் நொறுங்கிய ஒரு நாட்டுக்குத் தன் சொந்த முகமாகத் தெரிந்தது. அன்னா மாறவில்லை. சினிமாதான் ஸ்டுடியோவை விட்டு அவர் இருந்த தெருவுக்கு வந்து சேர்ந்தது.

நியோரியலிசம்னா என்ன?

சுருக்கமாகச் சொன்னால், போருக்குப் பிந்தைய இத்தாலியின் ‘மண்வாசனை’ சினிமா. நிஜத் தெருக்களில் ஷூட்டிங், முன்பின் நடிக்காத சாதாரண மனிதர்களையும் நடிக்கவைப்பது, வேலையின்மை, பசி, வீட்டுவாடகை மாதிரியான அன்றாடப் பிரச்சினைகளே கதை. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ இந்த வகையின் இன்னொரு உச்சம். நம்ம ஊர் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த சத்யஜித் ராயை உலுக்கிப்போட்ட படம் அது.

அன்னாவோ தொழில்முறை நடிகை. பல வருஷம் மேடையில் பழகியவர். ஆனாலும் நிஜத் தெருமக்களுக்கு நடுவே நின்றால் அவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 1947-ல் ‘மாண்புமிகு ஆஞ்சலினா’ என்ற படத்தில், ரேஷன் பதுக்கலுக்கும் வீட்டு வசதிக்கும் குரல் கொடுத்துக் குடிசைப் பெண்களைத் திரட்டும் ஒரு அம்மாவாக நடித்தார். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்கு வந்தது.

எரிமலைகளுக்கு நடுவே ஒரு சண்டை

இதற்கிடையே ரோசெல்லினிக்கும் அன்னாவுக்கும் காதல். இத்தாலியப் பத்திரிகைகளுக்குத் தினமும் தீனி. இரண்டு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில்.

1948-ல் ரோசெல்லினிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ‘காசாபிளாங்கா’ புகழ் இங்க்ரிட் பெர்க்மன். அவருடைய படங்களைப் பார்த்து வியந்து, சேர்ந்து வேலை செய்ய விருப்பம் தெரிவித்திருந்தார். பெர்க்மனை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய படங்களில் முதலாவது ‘ரோம், ஓபன் சிட்டி’. அதாவது, அன்னா உயிரைக் கொடுத்து நடித்த படம். கடிதம் சந்திப்பானது, சந்திப்பு காதலானது. ரோசெல்லினி பெர்க்மனோடு சிசிலிக்கு வடக்கே இருக்கும் எரிமலைத் தீவான ஸ்ட்ராம்போலியில் புதுப் படம் தொடங்கினார்.

அன்னா சும்மா இருக்கவில்லை. 1949-ல் அதே தீவுக்கூட்டத்தில் இருக்கும் வுல்கானோ தீவில், ஹாலிவுட் டைரக்டர் வில்லியம் டீட்டர்லேவுடன் ‘வுல்கானோ’ படத்தில் இறங்கினார். ஒரே கடல், இரண்டு எரிமலை, இரண்டு யூனிட், கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கதை. உலகப் பத்திரிகையாளர்கள் படகு பிடித்துத் தீவுக்குத் தீவு அலைந்தார்கள். ‘எரிமலைப் போர்’ என்று தலைப்பு போட்டார்கள்.

முடிவு? 1950 பிப்ரவரி 2. ரோமில் ‘வுல்கானோ’வின் முதல் காட்சி. நடுவில் புரொஜெக்டர் பல்பு பழுதாகி, படம் தடைபட்டது. அதே இரவில் ஒரு செய்தி அரங்குக்குள் பரவியது. பெர்க்மனுக்கும் ரோசெல்லினிக்கும் ஆண் குழந்தை பிறந்துவிட்டது! பத்திரிகையாளர்கள் எழுந்து ஓடினார்கள். அன்னாவின் முக்கியமான இரவு, வேறொருவர் வீட்டுச் செய்தியாக முடிந்துபோனது.

இரண்டு படங்களுமே வசூலில் பெரிதாக எடுபடவில்லை என்பதுதான் இந்தப் போரின் கிளைமாக்ஸ்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன படம்

பிரிவதற்கு முன்பு இருவரும் சேர்ந்து 1948-ல் ‘லாமோரே’ என்ற படத்தைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு தனிக் கதைகள். இரண்டிலும் நாயகி அன்னாதான். முதல் கதையில், விட்டுப்போகும் காதலனோடு தொலைபேசியில் பேசும் ஒரு பெண். ஒரு அறை, ஒரு போன், ஒரு முகம். வேறு எதுவும் கிடையாது.

இரண்டாவது கதை ‘தி மிராக்கிள்’. ஆடு மேய்க்கும், உலகம் அறியாத ஒரு பெண், வழியில் வந்த நாடோடியைப் புனித சூசையப்பர் என்று நம்பிவிடுகிறாள். அவன் மது கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் கர்ப்பமாகிறாள். இது தெய்வக் குழந்தை என்று நம்புகிறாள். ஊர் அவளைக் கேலி செய்து துரத்துகிறது. மலை உச்சியில் இருக்கும் தேவாலயத்தில் தனியாகக் குழந்தை பெற்றுக்கொள்கிறாள். வசனமே பேசாத அந்த நாடோடியாக நடித்தவர் ஃபெலினி!

1950 இறுதியில் நியூயார்க்கில் இது திரைக்கு வந்ததும் கத்தோலிக்க அமைப்புகள் போராட்டத்தில் இறங்கின. மதத்தை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி படத்தின் லைசென்ஸ் ரத்தானது. விநியோகஸ்தர் ஜோசஃப் பர்ஸ்டின் வழக்குப் போட்டார். 1952-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சினிமாவும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வரும். சினிமா வெறும் வியாபாரம், அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1915-ல் வந்த தீர்ப்பு இதோடு செல்லாமல் போனது. அமெரிக்காவில் சினிமா சென்சார் பலவீனமடையத் தொடங்கியது இந்த வழக்கிலிருந்துதான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இது பாடம்.

சினிமா ஆசையின் விலை: ‘பெல்லிசிமா’

கர்ப்பத்தால் கைநழுவிப்போன விஸ்கோன்டியின் படத்துக்கு, ஒன்பது ஆண்டுகள் கழித்து ஈடு கிடைத்தது. 1951-ல் வந்த ‘பெல்லிசிமா’. இந்த வார்த்தைக்கு ‘பேரழகி’ என்று பொருள்.

மதலேனா, வீடு வீடாகப் போய் ஊசி போட்டுச் சம்பாதிக்கும் ஏழைப் பெண். சினிசித்தாவில் குழந்தை நட்சத்திரம் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். போட்டோ, நடன வகுப்பு, நடிப்பு வகுப்பு, கவுன் என்று சேமிப்பெல்லாம் கரைகிறது. சிபாரிசு செய்கிறேன் என்று சொன்னவனிடம் 50,000 லிரா கொடுக்கிறாள். அவன் அந்தக் காசில் தனக்கு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறான்!

ஸ்கிரீன் டெஸ்ட் போட்டுப் பார்க்கும் அறைக்குள் மதலேனா ஒளிந்து பார்க்கும் இடம்தான் படத்தின் உயிர். திரையில் அவள் குழந்தை பயந்து அழுகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கடைசியில் வாய்ப்பு அவள் வீடு தேடியே வருகிறது. கான்ட்ராக்ட் மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போட மறுத்துவிடுகிறாள்.

பிள்ளைகளை ரியாலிட்டி ஷோ மேடையிலும் ரீல்ஸிலும் ஏற்றிவிடத் துடிக்கும் இந்தக் காலத்துக்கு, 70 ஆண்டுகள் தாண்டிய பிறகும் இந்தப் படம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஹாலிவுட்டே எழுதிக் கொடுத்த வேஷம்

‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’ எழுதிய அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ், அன்னாவின் தீவிர ரசிகர், பிறகு நெருங்கிய நண்பர். அன்னாவை மனதில் வைத்தே ‘தி ரோஸ் டாட்டூ’ நாடகத்தை எழுதினார். ஆனால், 1951-ல் அது பிராட்வே மேடை ஏறியபோது அன்னா மறுத்துவிட்டார். ஆங்கிலத்தில் தினமும் மேடையில் பேசி நடிக்கும் தைரியம் தனக்கு இல்லை என்பதே காரணம். மேடையில் அந்த வேஷத்தைச் செய்தவர் மொரீன் ஸ்டேபிள்டன்.

நான்கு ஆண்டுகள் கழித்து அது சினிமாவாகும்போது ஆங்கிலத்துக்குப் பயந்து நிற்கவில்லை. பர்ட் லங்காஸ்டர் ஜோடி. அமெரிக்காவில் வாழும் சிசிலியத் தையல்காரி செரஃபினாவாக நடித்தார் அன்னா. இறந்துபோன கணவனைத் தெய்வமாகக் கும்பிடுகிறவள், அவன் தனக்குத் துரோகம் செய்தவன் என்று தெரியவரும்போது என்ன ஆகிறாள் என்பதுதான் கதை. அழுகை, ஆவேசம், வெட்கம், காமெடி எல்லாமே ஒரே சீனில் மாறி மாறி வரும். ஆஸ்கர் வந்தது இந்த வேஷத்துக்குத்தான்.

அன்னாவின் முகச் சுருக்கங்களைப் பற்றி சினிமா உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஒருமுறை மேக்கப் கலைஞர் அவற்றை மறைக்க முயன்றாராம். ஒன்றைக்கூடத் தொடாதீர்கள், இதையெல்லாம் சம்பாதிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்று அன்னா தடுத்துவிட்டாராம்.

1957-ல் ‘வைல்டு இஸ் த விண்ட்’ படத்துக்கு மறுபடியும் ஆஸ்கர் நாமினேஷன், பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது. 1960-ல் மார்லன் பிராண்டோவுடன் ‘தி ஃபியூஜிடிவ் கைண்ட்’. அதுவும் வில்லியம்ஸின் எழுத்துதான். ஆனால், அந்தப் படம் ஓடவில்லை. ஹாலிவுட் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

நழுவவிட்ட ஒரு படம்

இத்தாலியிலும் காற்று திசை மாறியிருந்தது. போர்க்கால வறுமை விலகி, ஸ்கூட்டரும் ஃபிரிட்ஜும் வீடுகளுக்கு வர ஆரம்பித்த காலம். சினிமாவுக்கு மறுபடியும் கவர்ச்சி தேவைப்பட்டது. சோபியா லோரன், ஜினா லோலோபிரிஜிடா ஆகியோரின் காலம் தொடங்கியது.

இந்த நேரத்தில்தான் டி சிகாவின் ‘டூ விமன்’ படத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. அன்னா அம்மா, லோரன் மகள் என்பது முதலில் போட்ட திட்டம். அன்னா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், 25 வயதான லோரனே அம்மாவாக நடித்தார். அதற்கு லோரனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. யாருக்காகவும் தன்னை மாற்றிக்கொள்ளாத குணம்தான் அன்னாவை உயரத்துக்குக் கொண்டுபோனது. அதே குணம் இந்த இடத்தில் அவருக்கு எதிராகத் திரும்பியது.

17 ஆண்டுகள் கழித்து, மறுபடி ஒரு ஓட்டம்

1962. பியர் பாவ்லோ பசோலினிக்கு அது இரண்டாவது படம். பெயர் ‘மம்மா ரோமா’. பாலியல் தொழிலை விட்டுவிட்டு, மார்க்கெட்டில் காய்கறி விற்று, மகன் எத்தோரேயை மரியாதையான மனிதனாக்கப் போராடும் ஒரு அம்மா. பழைய வாழ்க்கை விடாமல் துரத்துகிறது. மகன் வழிதவறிப்போகிறான். சிறையில் கட்டிலோடு கட்டப்பட்ட நிலையில் சாகிறான்.

தொழில்முறை அல்லாதவர்களை வைத்து வேலை செய்து பழகியவர் பசோலினி. ஒவ்வொரு அசைவையும் தானே தீர்மானித்துப் பழகியவர் அன்னா. படப்பிடிப்பில் கருத்து மோதல்கள் வந்தன. ஆனால், படத்தின் முடிவைப் பாருங்கள். மகன் இறந்த சேதி மார்க்கெட்டுக்கு வருகிறது. அம்மா தன் கடையை விட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடுகிறாள். பின்னாலேயே ஊர் ஓடுகிறது.

1945-ல் லாரிக்குப் பின்னால் ஓடிய பினாவைச் சுட்டது எதிரி ராணுவம். 1962-ல் இந்த அம்மாவைச் சுடுவதற்கு யாரும் இல்லை. போர் முடிந்து, நாடு முன்னேறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே புதுப்புது அடுக்குமாடிக் கட்டடங்கள். அந்த முன்னேற்றத்தில் இவளுக்கும் இவள் மகனுக்கும் இடமில்லை. இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே இத்தாலியின் 17 ஆண்டு வரலாறு இருக்கிறது.

கடைசிக் காட்சி

அதன் பிறகு சினிமா வாய்ப்புகள் அருகிப்போயின. 1960-களின் நடுவில் அன்னா மேடைக்குத் திரும்பினார். 1969-ல் ஆந்தனி குவின்னுடன் ‘தி சீக்ரெட் ஆஃப் சான்டா விட்டோரியா’. 1971-ல் இத்தாலியத் தொலைக்காட்சிக்காகச் சில படங்கள். ரோமில் மகனோடும், தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பதோடும் நாட்கள் போயின. போலியோவோடு வளர்ந்த லூக்கா, கட்டடக் கலைஞரானார்.

1972-ல் வந்த ஃபெலினியின் ‘ரோமா’ படத்தில் ஒரு நிமிடம்கூட நீளாத காட்சி. இரவு நேரம். அன்னா நடந்து வந்து தன் வீட்டுக் கதவைத் திறக்கிறார். ஃபெலினியின் குரல் அவரை ரோம் நகரத்தின் அடையாளம் என்று புகழ்ந்தபடி கேள்வி கேட்க வருகிறது. அன்னா, உன்னை நம்ப மாட்டேன், போய்த் தூங்கு என்று சிரித்தபடி கதவைச் சாத்திவிடுகிறார். சினிமா அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

1973 செப்டம்பர் 26 அன்று, கணையப் புற்றுநோயால் 65 வயதில் ரோமில் இறந்தார். அந்தக் கடைசி நாட்களில் ரோசெல்லினி அவர் பக்கத்தில் இருந்தார். எரிமலைப் போரெல்லாம் பழங்கதையாகியிருந்தது.

இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்துக்கு வெளியே ரோம் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். சவப்பெட்டி வெளியே வந்தபோது அவர்கள் கைதட்டினார்கள். மேடையில் ஒரு நடிகைக்குத் தருவது மாதிரியே.

எதில் ஆரம்பிக்கலாம்?

அன்னா மன்யானியைப் பார்த்ததே இல்லை என்றால், இந்த மூன்றும் போதும்:

1. ரோம், ஓபன் சிட்டி (1945): முதலில் இதுதான். பினாவின் ஓட்டம் எங்கே வரும் என்று தெரிந்திருந்தாலும் அது உலுக்கும்.

2. பெல்லிசிமா (1951): முதல் பாதியில் வாய்விட்டுச் சிரிக்கலாம். மேடையில் டோட்டோவோடு அவர் என்ன செய்திருப்பார் என்பது இதில் புரியும். ஸ்கிரீன் டெஸ்ட் காட்சி வந்த பிறகு சிரிப்பு வராது.

3. மம்மா ரோமா (1962): இதைக் கடைசியாக வையுங்கள். ஒரு நீண்ட இரவுக் காட்சியில், கேமரா பின்னால் நகர நகர, தன் கதையைச் சொல்லிக்கொண்டே தெருவில் நடந்து வருவார் அன்னா. கூட நடப்பவர்கள் வருவார்கள், போவார்கள். அவர் மட்டும் பேசிக்கொண்டே வந்துகொண்டிருப்பார்.